மாரியப்பனின் பதக்கமும் மேஜை டிராயரும்

2021 ஆகஸ்ட் 31 அன்று, டோக்கியோ பாராலிம்பிக்கில் 1.86 மீட்டர் உயரம் தாண்டி வெள்ளிப் பதக்கம் வாங்கினார் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு. அந்தப் பதக்கத்தின் விளிம்பைத் தடவினால் இரண்டு சிறு குழிகள் விரலுக்குத் தட்டுப்படும். தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு இரண்டு, வெண்கலத்துக்கு மூன்று. பார்வையற்ற வீரர்கள் யாரையும் கேட்காமலே தங்கள் பதக்கம் எதுவென்று அறிந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு இது. பதக்கத்தின் முகப்பில் 'டோக்கியோ 2020' என்று பிரெய்லியிலும் பொறித்திருப்பார்கள். அந்த வெள்ளிக்காக யாரும் புதிதாகச் சுரங்கம் தோண்டவில்லை. ஜப்பானியர்கள் வீட்டில் போட்டுவைத்திருந்த பழைய செல்போன், கேமரா, லேப்டாப், வீடியோ கேம் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளி அது.

2017 ஏப்ரலில் தொடங்கிய அந்தச் சேகரிப்பு 2019 மார்ச்சில் முடிந்தது. ஜப்பானின் நகராட்சி, ஊராட்சிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், அதாவது 1,621 உள்ளாட்சிகள், இதில் சேர்ந்தன. உள்ளாட்சி அலுவலக வாசல்களில் பெட்டி வைத்தார்கள். டோகோமோ நிறுவனத்தின் செல்போன் கடைகள் வாங்கிக்கொண்டன. பள்ளிகளும் நிறுவனங்களும் கூடச் சேர்ந்தன. மொத்தம் 78,985 டன் சிறு மின்சாதனங்கள் வந்தன. செல்போன்கள் மட்டும் 62 லட்சத்து 10 ஆயிரம். அவற்றிலிருந்து பதக்கங்களுக்காக ஏறத்தாழ 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் கிடைத்தன. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்குமான சுமார் 5,000 பதக்கங்களும் இதிலிருந்தே வார்க்கப்பட்டன.

வெண்கலத்துக்கான இலக்கு 2018 ஜூனிலேயே எட்டப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலும் இழுத்துக்கொண்டிருந்தது வெள்ளிதான். தங்கத்துக்கல்லவா தட்டுப்பாடு வர வேண்டும் என்று தோன்றும். ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தில் தங்கம் வெறும் 6 கிராம், மேல்பூச்சு மட்டுமே. உள்ளே இருக்கும் 550 கிராமும் சுத்த வெள்ளி. டோக்கியோவில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் கழுத்தில் தொங்கியதும் அப்படிப்பட்ட பதக்கம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பேட்டரி நீங்கலாக 113 கிராம் எடையுள்ள ஒரு செல்போனில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம். அப்படியானால் ஒரு பதக்கத்தின் 6 கிராம் தங்கத்துக்குச் சுமார் 175 போன்கள் போதும். 550 கிராம் வெள்ளிக்கோ 1,500க்கும் மேல் வேண்டும். ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தின் ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு பழைய போனைக் கொண்டுவந்து போட்டாலே ஒரு பதக்கம் சேர்ந்துவிடும்.

இத்தனை சின்னப் பொருளுக்குள் தங்கமும் வெள்ளியும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? பழைய கம்ப்யூட்டரின் ரேம் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் கீழ்விளிம்பில் வரிசையாக மஞ்சள் பற்கள் பளபளக்கும். அது நிஜத் தங்கம். தங்கம் காற்றில் கறுக்காது, களிம்பு ஏறாது. அதனால் எத்தனை ஆண்டு கழித்துச் செருகினாலும் மின்சாரம் தடையில்லாமல் பாயும். பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் கனமே எழுபது மைக்ரான் அளவுக்கு இருக்கும். அந்தப் பூச்சுக்கும் அடியில் நிக்கல் படலம் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் கீழே இருக்கும் செம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்துக்குள் ஊடுருவி மேற்பரப்புக்கு வந்து கறுத்துவிடும். திடப்பொருளுக்குள்ளும் அணுக்கள் இப்படி இடம்பெயரும் என்பதே வியப்பு. அதைத் தடுக்க ஒரு மதில் கட்டி, அதன்மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள்.

வெள்ளியைப் பார்க்க வேண்டுமானால் பழுதான கீபோர்டைத் திருப்பி, ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் கோலம்போல ஓடும் கோடுகள் பெரும்பாலும் வெள்ளித்தூள் கலந்த மையால் அச்சடித்தவை. சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் சால்டரிலும் வெள்ளி உண்டு. ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் வெள்ளீயத்தோடு 3 சதவீத அளவுக்கு வெள்ளியைச் சேர்க்கிறார்கள்.

மேலே சொன்ன மதிப்பீட்டின்படி ஒரு டன் செல்போனில் 300 கிராம் தங்கம் வருகிறது. சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் பொதுவாகச் சில கிராம்தான். கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 1880இல் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே இறங்கியதிலிருந்து 2001இல் மூடும்வரை, வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வெட்டினார்கள். ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. பாறை வெடிப்பிலும் சிலிக்கா தூசியிலும் போன உயிர்கள் ஏராளம். அத்தனை பாடுபட்டு வெட்டிய பாறையைவிடப் பல மடங்கு செறிவாகத் தங்கம் உள்ள ஒரு பொருள் நம் வீட்டு டிராயரில் சும்மா கிடக்கிறது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

டிராயரைத் தாண்டி அது வெளியே வராததுதான் சிக்கல். 2022இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா.வின் உலக மின்னணுக் கழிவு அறிக்கை. ஐரோப்பாவில் 2022இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில், சராசரியாக ஒரு குடும்பத்திடம் 74 மின்சாதனங்கள் இருந்தன. அதில் 13 பொருட்கள் பயன்படுத்தாமலே கிடந்தன. நம் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம், காரணங்கள் ஒன்றுதான். 'எப்பவாவது உதவும்', 'அதில போட்டோ இருக்கு', 'யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியல.'

மூன்றாவது காரணத்தைத்தான் ஓர் அலுவலகம் தீர்த்துவைக்க முடியும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், பெருமளவில் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஓராண்டில் ஆயிரம் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம், தன் கழிவைப் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஆகவே பெரிய அலுவலகத்துக்குப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரின் வண்டி எப்படியும் வந்துபோகிறது. வீட்டுக்கு அப்படி ஒரு வண்டி வருவதில்லை. வீட்டில் செத்துப்போன மிக்ஸியும் செட்-டாப் பாக்ஸும் காயலான் கடைக்குத்தான் போகும். அலுவலகம் தன் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, 'வீட்டுப் பழசையும் இதில் போடலாம்' என்று எழுதி ஒட்டினால், சட்டத்தின் கை எட்டாத பொருட்களும் சட்டத்துக்கு உட்பட்ட அதே வண்டியில் ஏறிவிடுகின்றன. இதற்குப் புதிதாக எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. ஊழியர் எப்படியும் தினமும் வந்துபோகிற இடம். ஏற்கெனவே வந்துபோகிற வண்டி. நான் பார்த்த சுற்றுச்சூழல் முயற்சிகளில் இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு நேரடியாகப் பலன் தருவது அரிது.

காயலான் கடைக்காரரை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த நாட்டில் இரும்பும் அலுமினியமும் செம்பும் வீணாகாமல் இருப்பது அவரால்தான். ஆனால் அவர் எடைக்கு வாங்குகிறார், எடைக்கு விற்கிறார். போர்டு அவர் கையைவிட்டுப் போனபின் பல கை மாறி டெல்லியின் சீலாம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேரலாம். அங்கே ஒயரின் பிளாஸ்டிக்கைத் தீவைத்து எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். போர்டை அடுப்பில் சூடாக்கிச் சில்லுகளைப் பிடுங்குகிறார்கள். அமிலத் தொட்டியில் ஊறப்போட்டுத் தங்கத்தைக் கரைக்கிறார்கள். ஈயப்புகையும் அமில ஆவியும் முதலில் போய்ச் சேருவது அந்த வேலையைச் செய்கிறவரின் நுரையீரலுக்கு. மிஞ்சிய அமிலம் சாக்கடைக்கு. அதற்கப்புறமும் தங்கம் முழுதாகக் கிடைப்பதில்லை.

முறையான ஆலையில் என்ன நடக்கிறது? முதல் வேலை கையால் பிரிப்பது. நீள மேஜை, ஸ்குரூ டிரைவர், தொழிலாளி. இதைப் பிற்போக்கான முறை என்று நினைத்தால் தவறு. 2009இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, இயந்திரத்தால் பொடித்துப் பிரிக்கும் ஒரு நவீன ஆலைக்குள் போன தங்கம் எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்தது. மீட்கக்கூடிய பகுதிகளுக்கு வந்துசேர்ந்தது உள்ளே போன தங்கத்தில் கால் பங்கு, வெள்ளியில் 11.5 சதவீதம். மீதியெல்லாம் இரும்புத் துண்டில் ஒட்டிக்கொண்டும், பிளாஸ்டிக் பொடியில் கலந்தும், தூசியாகவும் போய்விட்டது. நகைப் பட்டறையில் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட விலைக்கு வாங்கி அலசி எடுக்கும் ஊர் நம்முடையது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த இழப்பின் அளவு புரியும். போர்டை உடைக்காமல், பொடிக்காமல், முழுதாகக் கழற்றி எடுக்கிற கைதான் இங்கே எந்த இயந்திரத்தைவிடவும் தங்கத்தைக் காப்பாற்றுகிறது.

போர்டு போக மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இரும்பைக் காந்தம் இழுத்துவிடும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே, அதை எப்படிப் பிரிப்பது? ஓடும் பெல்ட்டின் முனையில், உருளைக்குள்ளே காந்தங்களை அதிவேகமாகச் சுழலவிடுகிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அலுமினியத் துண்டுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்பி, உருளையின் புலத்தை எதிர்க்கிறது. விளைவாக, பிளாஸ்டிக் துண்டு பெல்ட் முனையில் சும்மா கீழே விழ, அலுமினியத் துண்டு மட்டும் எகிறிக் குதித்து எதிரே இருக்கும் தொட்டியில் போய் விழுகிறது. யாரும் தொடாமல், எதுவும் ஒட்டாமல் ஓர் உலோகம் தானே தாவுகிற காட்சி அது.

போர்டுகள் போகும் இடம் செம்பு உருக்காலை. பெல்ஜியத்தின் ஹோபோக்கன், சுவீடனின் ரோன்ஷார், ஜப்பானின் கொசாகா ஆகியவை இதற்குப் பேர்போனவை. இந்தியாவில் கழற்றும் போர்டுகளில் ஒரு பகுதி இப்படி வெளிநாட்டு உருக்காலைகளுக்குக் கப்பலேறுவது பல ஆண்டு வழக்கம். கொசாகா, அகிதா மாகாணத்தின் பழைய சுரங்க ஊர். சுரங்கத்தை 1990இல் மூடிவிட்டார்கள். உருக்காலையை மூடவில்லை. பல உலோகங்கள் கலந்த சிக்கலான தாதுவைப் பிரித்துப் பழகிய ஊர் அது. அந்தக் கைப்பழக்கம் அப்படியே போர்டைப் பிரிக்க உதவியது.

1,200 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் குழம்பில் போர்டைக் கொட்டினால், அதன் பிளாஸ்டிக்கும் பிசினும் எரிந்து உலைக்கே விறகாகின்றன. அதன்பின் உலைக்குள் யார் எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது ஆக்சிஜன். ஆக்சிஜன்மேல் தீராத பசி உள்ள அலுமினியமும் சிலிக்கனும் அதைப் பிடித்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கின்றன. இரும்பும் அவற்றோடு போகிறது. தங்கம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றுக்கு ஆக்சிஜன்மேல் நாட்டம் இல்லை. அவை உருகிய செம்பிலேயே கரைந்து அடியில் தங்கிவிடுகின்றன. பல டன் குப்பையில் தூவியிருந்த தங்கத்தைச் செம்பு தேடிப்பிடித்துத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது.

அடுத்தது செம்பிலிருந்து தங்கத்தை விடுவிப்பது. அந்தச் செம்பைத் தகடுகளாக வார்த்து, கந்தக அமிலமும் மயில்துத்தமும் கலந்த நீலக் கரைசலில் நேர்மின்வாயாகத் தொங்கவிடுகிறார்கள். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில், நாட்கணக்காக மின்சாரம் பாய்கிறது. செம்பு அணு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலில் இறங்கி, எதிர்மின்வாயில் 99.99 சதவீதத் தூய்மையோடு படிகிறது. நிக்கல் கரைசலிலேயே நின்றுவிடுகிறது. தங்கமும் வெள்ளியும் அந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில்லை. தங்களைச் சூழ்ந்திருந்த செம்பு கரைந்து போகப்போக, பிடிமானம் இழந்து தொட்டியின் அடியில் கறுப்புச் சேறாக உதிர்கின்றன. பார்ப்பதற்கு வாய்க்கால் சேறு மாதிரிதான் இருக்கும். உருக்காலையில் அதைவிட விலைமதிப்புள்ள பொருள் கிடையாது. அதைத் திரும்பவும் சுத்திகரித்தால் தங்கமும் வெள்ளியும் தனித்தனியே கையில் வரும்.

தெருவோர அடுப்புக்கும் இந்த உலைக்கும் உள்ள பெரிய வேற்றுமை புகையில் இருக்கிறது. போர்டு எளிதில் தீப்பற்றக் கூடாது என்று அதில் புரோமின் சேர்மங்களைச் சேர்த்திருப்பார்கள். அரைகுறையாக எரிந்தால் அவற்றிலிருந்து டையாக்சின் வகை நச்சுகள் பிறக்கும். உலையின் வெப்பத்தில் அவை சிதைந்துவிடும் என்றாலும், புகை ஆறும்போது 200 முதல் 450 டிகிரி வரையிலான இடைவெளியில் மறுபடியும் கூடிவிடும். அதனால் புகையை முதலில் நன்றாகச் சூடாக்கி, பிறகு தண்ணீர் தெளித்து ஒரே மூச்சில் குளிரச் செய்கிறார்கள். அந்த ஆபத்தான இடைவெளியில் நிற்க அதற்கு நேரமே கொடுப்பதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவுதான் நேர்மையான ஆலையை விலைகூடியதாக்குகிறது. போட்டியில் அதைப் பின்தள்ளுவதும் அதுதான்.

இத்தனை திறமைக்குப் பிறகும் உலை எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. போனின் ஸ்பீக்கரிலும் அதிர்வு மோட்டாரிலும் ஹார்டு டிஸ்கிலும் இருக்கும் வலுவான காந்தத்தில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறது. கப்பாசிட்டரில் டான்டலம் இருக்கிறது. இரண்டுமே ஆக்சிஜனை விடாது பிடிப்பவை. உலைக்குள் போனால் கசடோடு கசடாகிவிடும். தங்கத்தைக் காப்பாற்றுகிற விதியே இவற்றைத் தொலைக்கிறது. உலகின் அருமண் உலோகத் தேவையில் மின்னணுக் கழிவிலிருந்து திரும்ப வருவது ஒரு சதவீத அளவுதான். காற்றாலைக்கும் மின்வண்டிக்கும் இதே நியோடிமியம் தேவைப்படும் காலம் இது. உலைக்கு முன்பே, மேஜையில், காந்தத்தைத் தனியே கழற்றி எடுக்கும் கை இங்கேயும் வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் இப்படி ஒரு பெட்டி வைக்க நினைக்கிறவர்களுக்கு மூன்று விஷயங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதலாவது, பேட்டரி. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ, அதன் முனைகள் வேறோர் உலோகத்தில் பட்டாலோ சூடேறும். ஓர் எல்லைக்குமேல் அந்தச் சூடே மேலும் வெப்பத்தை உண்டாக்கி, தீ தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். வயிறு உப்பிய போனைப் பொதுப் பெட்டியில் போடவே கூடாது. மணல் நிரப்பிய உலோக டப்பா ஒன்று தனியே இருக்கட்டும். கழன்ற பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிவிட வேண்டும். பேட்டரிபோலவே சி.எஃப்.எல். பல்பையும் தனியே வைக்க வேண்டும்; அதில் கொஞ்சம் பாதரசம் உண்டு. அது உடையாமல் இருக்க ஒரு தனி அட்டைப்பெட்டி.

இரண்டாவது, போனில் உள்ள தகவல். 'போட்டோ இருக்கு' என்று தயங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. கடந்த சில ஆண்டுகளில் வந்த ஸ்மார்ட்போன்களில் எல்லாமே குறியாக்கம் செய்துதான் பதிவாகின்றன. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் போன் அந்தக் குறியாக்கத்தின் சாவியை அழித்துவிடும். படங்களின் பதிவு சில்லில் மிஞ்சினாலும், சாவி இல்லாமல் அது பொருளற்ற இரைச்சல். வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, தைரியமாகப் பெட்டியில் போடலாம். பழைய ஹார்டு டிஸ்க் அப்படியல்ல; வெறுமனே ஃபார்மேட் செய்தால் போதாது. அதை மேலெழுதி அழித்தோ துளைபோட்டோ தரும்படி மறுசுழற்சியாளரிடம் கேட்டு, சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, டியூப் டி.வி. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. எத்தனையோ குடிசைகளுக்குள் முதன்முதலாக வண்ணப் படம் போன காலம். அந்தப் பெட்டிகளில் பல இன்னும் பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கின்றன. அதற்குள் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் வேகம் பெற்றுத் திரையில் மோதும்போது கொஞ்சம் எக்ஸ் கதிரும் பிறக்கும். அது வீட்டாரைத் தொடாமல் இருக்கத்தான் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடைக் கலந்தார்கள். ஓடிய காலமெல்லாம் நம்மைக் காத்த அந்த ஈயம், கண்ணாடியை உடைத்துக் குப்பைமேட்டில் கொட்டினால் மழைநீரோடு மண்ணில் இறங்கும். புதிய டியூப் செய்யும் ஆலைகள் மூடிவிட்டதால் இந்தக் கண்ணாடிக்கு மறுபயனும் அதிகமில்லை. முறையாகக் கொடுத்தால் ஈய உருக்காலைக்குப் போகும்.

டியூப் டி.வி. லிஃப்ட் பக்கத்துப் பெட்டிக்குள் நுழையாது. அதற்கு அலுவலகம் ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, மறுசுழற்சியாளரின் லாரியை வாசலில் நிறுத்த வேண்டும். அன்றைக்கு ஊழியர்கள் ஊரிலிருந்து டி.வி.யைக் கொண்டுவரும்போது, செம்புக்காக யாரும் அதைத் திறந்து காயிலைப் பிடுங்கியிருக்கக் கூடாது. டியூப்பின் மெல்லிய கழுத்தைத் தட்டாமல், திரையை மார்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். உள்ளே காற்றில்லாத வெற்றிடம். கழுத்தில் விரிசல் விட்டால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும்.